பால் பம்பைத் திருப்பி எடுத்த செவ்வாய்க்கிழமை

1. அலுமாரி

ஜேர்மனியில் எசன் நகரில் மருத்துவ உபகரணங்களை விற்கவும் வாடகைக்குக் கொடுக்கவும் செய்யும் ஒரு கடையில் இருபத்திரண்டு வருடங்கள் வேலை செய்தேன். சக்கர நாற்காலி, ஊன்றுகோல், கட்டில், மலசலக் கதிரை, இறுக்கமான காலுறை. முதல் பதினாலு வருடங்கள் சாரதி. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, கடை முதலாளியம்மா ஃப்ராவ் ஹார்ட்மன் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் பால் பம்ப் அலுமாரி என் பொறுப்பு என்றார். அதுவரை அதைப் பார்த்துவந்த பெண் பிள்ளைப்பேற்று விடுப்பில் போய்விட்டாள். தனக்கு வேண்டிய பம்பைத் தானே பதிவு செய்து கொண்டுபோயிருந்தாள். அதுதான் அவள் அங்கே செய்த கடைசி வேலை.

ஆம்பிளை ஒருவனிடம் பெண்கள் இதைப் பற்றிக் கதைக்க மாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று ஃப்ராவ் ஹார்ட்மன் கேட்டார். மூன்று என்றேன். அப்படியென்றால் தெரியும்தானே என்றார். எனக்குத் தெரியாது. மூன்று பிள்ளைகளும் பால் குடித்த காலத்தில் நான் ஒரு உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.

பம்ப் கம்பனியிலிருந்து ஒரு பெண் வந்து அரை நாள் பயிற்சி தந்தாள். உறிஞ்சும் வேகத்தை உணர வேண்டும் என்று சொல்லி, புனல் போன்ற பகுதியை என் முழங்கையின் உட்பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள். அன்று பின்னேரம் அந்த இடத்தில் வட்டமாகச் சிவந்திருந்தது. என்ன இது என்று மனைவி கேட்டாள். வேலை என்றேன்.

வேலை இதுதான். குறைமாதப் பிள்ளை, உறிஞ்ச முடியாத பிள்ளை, மார்பில் பால் கட்டிய தாய் என்று ஏதாவது காரணம் இருந்தால் டாக்டர் ரெசெப்ட் எழுதுவார். அதாவது மருந்துச் சீட்டு. அதை எங்களிடம் கொண்டுவந்தால் ஆஸ்பத்திரித் தரத்தில் உள்ள மின்சாரப் பம்ப் ஒன்றை வாடகைக்குக் கொடுப்போம். வாடகையை மருத்துவக் காப்புறுதி கொடுக்கும். ஜேர்மனியில் அதை எல்லோரும் சுருக்கமாகக் காசெ என்பார்கள். தமிழ் ஆட்களுக்குக் காசு என்று கேட்கும். அதனால் பெரிய பிழை ஒன்றும் வந்ததில்லை. பெரும்பாலும் நாலு வாரத்துக்கு அனுமதி வரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் புது ரெசெப்ட், நீடிப்புக்கு ஒரு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம். அனுமதி வராவிட்டால் பம்ப் கடைக்குத் திரும்பி வர வேண்டும்.

தமிழ்ப் பெண்கள் தொலைபேசியில் முதலில் கேட்பது, அங்கே வேறு பெண்கள் ஒருவரும் இல்லையா என்றுதான். என்னிடம் பம்ப் எடுத்தவர்கள் அடுத்த தடவை கோயிலில் கண்டால் வேறு பக்கம் பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன். இரண்டு வருடத்தில் பழகிவிட்டது. பிறகு அவர்களே தங்கள் தங்கைகளுக்கு என் நம்பரைக் கொடுத்தார்கள்.

2. தமிழ்ப் பெயர்கள்

கடையில் எனக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. தமிழ்ப் பெயர் ஒன்று வந்தால் அந்தக் கடதாசி என் மேசைக்கு வரும். எது குடும்பப் பெயர், எது சொந்தப் பெயர் என்று ஜேர்மன்காரருக்குப் பிடிபடுவதில்லை. அலுவலகம் பார்த்த ஃப்ராவ் க்ரூகர், தகப்பனின் பெயர் குடும்பப் பெயராகிறது, கலியாணத்துக்குப் பிறகு புருஷனின் சொந்தப் பெயர் மனைவிக்குக் குடும்பப் பெயராகிறது என்று நான் விளக்கியபோது பேனையைக் கீழே வைத்துவிட்டு, "இதெல்லாம் உங்களிடமே இருக்கட்டும்" என்றார். எனக்கு உள்ளுக்குள் பெருமை. அந்தக் கடையில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான்.

3. நித்யா

நித்யாவும் அருண்குமாரும் தமிழ்நாட்டில் ஈரோட்டுப் பக்கத்து ஆட்கள். அருண்குமார் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை. நித்யாவின் காப்புறுதி அவர் மூலமாகத்தான் ஓடியது. ஆல்டென்டோர்ஃப் பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். லிஃப்ட் இல்லை.

அவர்களுக்குப் பெண் குழந்தை இருபத்தொன்பதாம் வாரத்தில் பிறந்துவிட்டது. ஆயிரத்து நூறு கிராம். பிள்ளை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள். தாயை ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் வீட்டில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால் எடுத்து, சிறு போத்தல்களில் நேரம் எழுதி, குளிர்ப்பையில் வைத்து ட்ராமில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அங்கே குழாய் வழியாகப் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். அந்தப் பிள்ளைக்காக அவள் செய்யக்கூடியது அப்போதைக்கு அது ஒன்றுதான்.

முதல் ரெசெப்ட்டை ஃப்ராவ் க்ரூகர் பதிவு செய்தார். நான் பம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நித்யா ஒரு கொப்பியில் கோடு போட்டு வைத்திருந்தாள்: நேரம், இடது, வலது, மொத்தம். நான் விளக்கிச் சொல்ல, அவள் எழுதினாள். வெட்கப்படவில்லை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுத்தால் நேரம் மிச்சம் என்று நான் சொன்னதையும் எழுதினாள். மூன்றாம் வாரம் குழாய் ஒன்று வெடித்துப் புதுசு கொண்டுபோனபோது கொப்பியைக் காட்டினாள். நாளுக்கு ஐந்நூறு மில்லியைத் தாண்டியிருந்தது. வார்டில் இருக்கும் தாதிமார் அவளை மற்றத் தாய்மாருக்கு உதாரணம் காட்டுகிறார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தாள்.

நாலு வாரம் முடிய முன்னரே டாக்டர் புது ரெசெப்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். ஃப்ராவ் க்ரூகர் விடுமுறையில். நீடிப்பு அன்ட்ராக்கை நான்தான் கம்ப்யூட்டரில் போட்டேன். ரெசெப்ட் கடையில் இருக்கும். காப்புறுதி இலக்கமும் கருவியின் குறியீடும் மட்டும் காசெக்குப் போகும். ஒரு நிமிட வேலை.

பத்து நாளில் பதில் வந்தது. மருத்துவத் தேவை தெரியவில்லை, நீடிப்பு இல்லை.

4. செவ்வாய்

நான் காசெக்குத் தொலைபேசி எடுத்தேன். ஃப்ராவ் சைடல் என்ற ஒரு பெண் கதைத்தாள். குறைமாதப் பிள்ளை, இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறது, ரெசெப்ட் என் கையில் இருக்கிறது என்று எல்லாம் சொன்னேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, காப்புறுதி பெற்ற இந்த நபருக்கு இதை அனுமதிக்கவே முடியாது என்றாள். ஏன் என்று கேட்டேன். தனிநபர் தகவல், அதற்கு மேல் சொல்ல அனுமதியில்லை என்றாள். மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் அதே வசனம். கடைசியில் நான், உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டேன். அவள், வேறு கேள்வி இருக்கிறதா என்றாள்.

அனுமதி முடிந்த நாள் செவ்வாய். அந்தத் தரத்தில் எங்களிடம் ஆறு பம்ப்தான் இருந்தன. அன்றே இரட்டைப் பிள்ளை பெற்ற ஒரு தாய் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வருகிறாள், அவளுக்கு அனுமதி இருக்கிறது. நித்யாவின் பம்ப் அவளுக்கு. சொந்தச் செலவில் வைத்திருக்கிறோம் என்று அருண்குமார் கேட்டார். அனுமதி உள்ளவர்களுக்குத்தான் முதலிடம் என்றார் ஃப்ராவ் ஹார்ட்மன். விதி சரியான விதிதான்.

நான் மூன்று மாடி ஏறினேன். நித்யா பம்பைத் துடைத்து, வயரைச் சுற்றி, பெட்டிக்குள் வைத்து, கதவுக்குப் பக்கத்தில் தயாராக வைத்திருந்தாள். மருந்துச் சாமான் கடையில் வாங்கிய கைப் பம்ப் ஒன்று மேசையில் இருந்தது.

காசெயின் முடிவை எதிர்த்து மறுப்பு எழுதலாம், ஒரு மாத அவகாசம் இருக்கிறது, நானே எழுதித் தருகிறேன் என்றேன். காசெ அவர்களுக்கு அனுப்பிய கடிதத்தை அருண்குமார் ஃபோனில் ஆங்கிலத்துக்கு மாற்றி வாசித்திருந்தார். அதன் நகலையும் எனக்குத் தந்தார். இப்படியும் இரக்கமில்லாத காப்புறுதி இருக்குமா என்று நான் அவர்கள் முன்னால் நிறையக் கதைத்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

5. வெள்ளி

வெள்ளிக்கிழமைகளில் கடை அலுவலகம் மூன்று மணிக்கு வெறுமையாகிவிடும். நான் நித்யாவின் மறுப்புக் கடிதத்தை எழுதவென்று இருந்தேன். காசெயின் கடிதத்தை முன்னால் வைத்து, அதில் உள்ள வசனத்தை அப்படியே எடுத்துப் பதில் எழுதுவதுதான் முறை.

ஜேர்மன் மொழியில் காப்புறுதி பெற்ற ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்தான். அதற்கு முன்னால் வரும் மூன்றெழுத்துச் சொல் மட்டும் மாறும். கடிதத்தில் ஆணுக்குரிய சொல் இருந்தது. காசெக்காரருக்கும் இலக்கணம் பிழைக்கிறது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அதையும் மறுப்பில் ஒரு குத்தலாக எழுதலாமா என்று யோசித்தேன். பிறகு காப்புறுதி இலக்கத்தை எழுத வேண்டி வந்தது. ரெசெப்ட்டில் ஒரு இலக்கம். கடிதத்தில் வேறு இலக்கம்.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். அருண்குமார் என்று தேடினால் இரண்டு வரி வந்தது. கீழே உள்ளது, அருண்குமார் என்ற குடும்பப் பெயரோடு நித்யா. மேலே உள்ளது, பொன்னுசாமி என்ற குடும்பப் பெயரோடு அருண்குமார். முந்திய வருடம் அவர் முழங்கால் பட்டி ஒன்று எங்களிடம் எடுத்திருக்கிறார். ஒரே விலாசம், ஒரே காசெ. நீடிப்பு அன்ட்ராக் மேல் வரியில் போயிருந்தது. பதிவு செய்தவர் என்ற இடத்தில் என் பெயரின் முதல் எழுத்துகள்.

முப்பத்தொரு வயது ஆம்பிளைக்குப் பால் பம்ப் நீடித்துத் தரும்படி நான் கேட்டிருக்கிறேன். மருத்துவத் தேவை தெரியவில்லை என்று காசெ பதில் எழுதியிருக்கிறது. வேறு எதை எழுதுவது?

அருண்குமார் மூலமாக வந்த காப்புறுதி என்பதால் எல்லாக் கடிதமும் அவர் பெயருக்குத்தான் வரும். அதனால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. ஆங்கிலத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோலத் தெரிந்திருக்கும். ஃப்ராவ் சைடல் அந்த மூன்றெழுத்துச் சொல்லை மூன்று தரம் எனக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். அந்தச் சின்னச் சொற்களைக் கவனிப்பதை மூன்றாம் வருடமே விட்டுவிட்டேன்.

மணி நாலு. அலுமாரியில் ஒரு பம்ப் நின்றது. வேறொரு தாய் அன்று காலை திருப்பித் தந்தது. கழுவி, சோதித்து, ஒட்டுத்தாள் ஒட்டி, நானே வைத்தது. ஆல்டென்டோர்ஃபுக்கு ட்ராமில் இருபது நிமிடம்.

நான் கம்ப்யூட்டரை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். அனுமதி இல்லாமல் பம்பைக் கொடுக்கக் கூடாது, முதலில் ஃப்ராவ் ஹார்ட்மனிடம் சொல்ல வேண்டும், அவர் திங்கட்கிழமைதான் வருவார் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். எல்லாம் உண்மையான காரணங்கள். ஆனால் நான் போகாததற்குக் காரணம் அவை இல்லை. அந்தக் கதவு திறந்ததும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதுதான்.

6. சனி

சனிக்கிழமை பத்து மணிக்குப் பம்போடு மூன்று மாடி ஏறினேன். அனுமதியும் இல்லை, ஃப்ராவ் ஹார்ட்மனிடம் கேட்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை இருந்த அதே தடைகள் எல்லாம் அப்படியே இருந்தன.

அருண்குமார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நித்யா கதவைத் திறந்தாள். மேசையில் கைப் பம்ப், பக்கத்தில் கொப்பி. வலது கையின் பெருவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் துணி சுற்றியிருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அப்ரூவ் பண்ணிட்டாங்களா அங்கிள்?"

"இல்லைப் பிள்ளை. இருங்கோ, ஒரு விஷயம் சொல்ல வேணும்."

அவள் இருக்கவில்லை. நின்றபடியே கேட்டாள். நான் இரண்டு வரிக் கதையைச் சொன்னேன். மேல் வரி, கீழ் வரி. காசெயில் பிழை இல்லை, என்னில்தான் பிழை என்றேன். சொல்லி முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

"உங்களுக்கு எப்போ தெரிஞ்சது?" என்று கேட்டாள்.

இன்று காலை என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது.

"நேற்று. நாலு மணி இருக்கும்."

அவள் கொப்பியை எடுத்து விரலால் கீழிருந்து மேலே எண்ணினாள்.

"நேத்து நாலு மணியில இருந்து நான் ஆறு தடவை கையால எடுத்திருக்கேன் அங்கிள். கடைசித் தடவை முப்பது மில்லி." குரல் உயரவே இல்லை. "தப்பு யாருக்கும் வரும். நேத்தே கொண்டு வந்திருக்கலாமே."

பெட்டியைத் திறந்து, குழாய்களை மாட்டி, வயரைச் சுவரில் செருகினாள். "கொஞ்சம் வெளிய இருக்கீங்களா? சைன் அப்புறம் போடுறேன்" என்றாள்.

நான் படிக்கட்டில் போய் இருந்தேன். கதவுக்குள்ளிருந்து பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. எட்டு வருடமாகக் கேட்ட சத்தம். இருபது நிமிடம் ஓடியது. இடையில் ஒரு தடவை அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். பம்பின் சத்தத்தில் சரியாகத் தெரியவில்லை.

7. திங்கள்

ஃப்ராவ் ஹார்ட்மனிடம் முதலில் அனுமதியில்லாமல் பம்ப் கொடுத்ததைச் சொன்னேன், பிறகு அன்ட்ராக்கைச் சொன்னேன், கடைசியாக வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். முதல் இரண்டுக்கும் அவர் தலையாட்டினார். மூன்றாவதற்கு என்னை நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு திருத்தப் படிவத்தை எடுத்துத் தந்தார்.

ஃப்ராவ் சைடல் சரியான இலக்கத்தைக் கேட்டவுடன் பத்து நிமிடத்தில் நீடிப்பைத் தந்தாள். ஏன் நேரே சொல்லவில்லை என்று கேட்டேன். ஒருவருடைய தகவலை இன்னொருவருக்குச் சொல்ல முடியாது என்றாள். பிறகு, "ஆனால் நான் மூன்று தரம் சொன்னேன், ஐயா" என்றாள். ஓம், சொன்னீர்கள் என்றேன். தனக்குப் பிள்ளைகள் இரண்டு என்றும் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். ஏற்றுக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். லைன் வெட்டியது.

8. பிறகு

நாலு நாளில் நித்யாவின் பால் பாதிக்குக் கிட்டக் குறைந்திருந்தது. பம்ப் திரும்பி வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முந்நூற்றைம்பது வரை ஏறியது. ஐந்நூறு திரும்ப வரவே இல்லை. வீட்டுக்கு வந்துபோகும் மருத்துவிச்சி ஃப்ராவ் லிண்ட்னர், இப்படிப் பிறந்த பிள்ளைகளின் தாய்மாருக்கு ஆறாம் வாரம் போல எப்படியும் குறைவதுண்டு, அந்த நாலு நாளால்தான் என்று ஒருவராலும் சொல்ல முடியாது என்றார். நல்ல மனுஷி. அந்த நாலு நாளால் இல்லை என்றும் அவர் சொல்லவில்லை.

பிள்ளை இரண்டு கிலோவைத் தாண்டி வீட்டுக்கு வந்தது. அரைவாசி தாய்ப்பால், அரைவாசி மாப்பால். அதன் பிறகு ஒரு நாள் அருண்குமார் எனக்குத் தொலைபேசி எடுத்தார். நித்யா மருத்துவிச்சியை இனி வர வேண்டாம் என்று சொல்லப்போகிறாளாம். புட்டிப்பால் கொடுக்கிறவளுக்கு இந்த உதவி எதற்கு, காசெயும் கொடுக்காது என்று நினைக்கிறாளாம். இன்னொரு கடிதம் வருவதைத் தாங்க மாட்டாள் என்றார்.

அது பிழையான எண்ணம். நிறையத் தாய்மார் அப்படி நினைக்கிறார்கள், அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். பிறந்து முதல் பன்னிரண்டு வாரம் மருத்துவிச்சி வருவது எல்லாத் தாய்மாருக்கும் உரியது. அதற்குப் பிறகும் பாலூட்டுவதில், சாப்பாடு கொடுப்பதில் பிரச்சினை இருந்தால் இன்னும் சில தடவை கூப்பிடலாம். முலைப்பால் என்றாலும் சரி, புட்டிப்பால் என்றாலும் சரி, காசெ கொடுக்கும். பிள்ளை குடிக்கிறதா என்பதுதான் கேள்வி, எதிலிருந்து என்பதில்லை.

இதை அருண்குமாரிடம் சொன்னேன். நீங்களே அவளிடம் சொல்லுங்கள் என்று ஃபோனைக் கொடுத்துவிட்டார். நான் எதிர்பார்க்கவில்லை. நித்யா கடைசிவரை கேட்டாள்.

"இது உறுதியா அங்கிள்? இல்ல, உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரியா?"

உறுதியாகத் தெரியும், ஆனாலும் காசெக்கு எடுத்து அவளுடைய பெயருக்கும் இலக்கத்துக்கும் கேட்டு அரை மணித்தியாலத்தில் சொல்கிறேன் என்றேன். பதினைந்து நிமிடத்தில் சொன்னேன். ஃப்ராவ் லிண்ட்னர் பிறகும் ஆறு தடவை அந்த மூன்று மாடி ஏறினார் என்று கேள்வி.

கடைசியில் பம்பை நித்யாவே கொண்டுவந்து தந்தாள். பிள்ளை நெஞ்சில் கட்டிய துணிக்குள் நித்திரை. நான் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி எழுதினேன். எத்தனை கிலோ என்று கேட்டேன். நாலரை என்றாள். கையெழுத்துப் போட்டாள். நன்றி சொல்லவில்லை, கோபமும் காட்டவில்லை. கதவை நான் திறந்துவிட்டேன்.

ஓய்வுபெற்று ஒரு வருடமாகிறது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் அறிவுரை கேட்டால் சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது. பிறந்த திகதியைக் கேளுங்கள், இலக்கத்தை இரண்டு தரம் பாருங்கள் என்பதெல்லாம் கடையிலேயே சொல்லித்தருவார்கள். இலக்கம் பிழைத்தால் அதற்கு ஒரு திருத்தப் படிவம் இருக்கிறது, பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். நாலு மணிக்குத் தெரிந்த பிழையை அடுத்த நாள் பத்து மணிக்குப் போய்ச் சொன்னேனே, அதைத் திருத்துவதற்குப் படிவம் இல்லை. எல்லா அலுமாரியிலும் தேடியிருக்கிறேன்.